வாசகர் கேள்வி - பதில்: சிறு விமானங்களுக்குத் தரையிலிருந்து மின்சாரம்

விமானப் பயிற்சிப் பள்ளிகளிலும் ஹெலிகாப்டர் தளங்களிலும், தடித்த கேபிளோடு விமானத்தின் அருகில் நிற்கும் மின்சார வண்டியைப் பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. தொழிலில் இருப்பவர்கள் ஜி.பி.யூ. (கிரவுண்ட் பவர் யூனிட், அதாவது தரை மின்சாரக் கருவி) என்று சுருக்கமாக அழைக்கும் அந்தக் கருவியைப் பற்றிய கேள்விகளை இந்த இதழில் ஒருசேர எடுத்துக்கொள்கிறேன்.

காரில் சாவியைத் திருப்பினால் அதன் பேட்டரியே இன்ஜினைக் கிளப்பிவிடுகிறது. விமானத்திலும் பேட்டரி இருக்கிறதே, பிறகு வெளியிலிருந்து மின்சாரம் எதற்கு?
(கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

விமானத்தில் எந்த வகை இன்ஜின் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இதற்கான விடை அமையும். செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானங்களில் இருப்பது பிஸ்டன் இன்ஜின். அதைச் சில சுற்றுகள் சுற்றிவிட்டால் போதும், எரிபொருள் பற்றிக்கொண்டு தானே ஓடத் தொடங்கிவிடும். பேட்டரி சற்றுத் தளர்ந்திருந்தால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும் அல்லது சுற்றாமலே நிற்கும். பெரும்பாலும் அதற்கு மேல் கேடு எதுவும் நேராது. இவ்வகை விமானங்களுக்கு ஜி.பி.யூ. என்பது கடுங்குளிரிலோ, நெடுநாள் பறக்காமல் நின்றுவிட்ட பிறகோ கைகொடுக்கும் துணை, அவ்வளவே.

டர்பைன் இன்ஜினின் நிலை முற்றிலும் வேறு. பெல் 206 ஹெலிகாப்டரில் உள்ள ஆலிசன் 250 வகை இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஸ்டார்ட்டர் மோட்டார் முதலில், காற்றை உள்ளிழுத்து அழுத்தித் தரும் கம்ப்ரஸரைச் சுழற்றுகிறது. அதன் வேகம் முழு வேகத்தில் சுமார் 12 முதல் 15 சதவீதத்தை எட்டியதும் விமானி எரிபொருளைத் திறக்கிறார், தீப்பற்றுகிறது. ஆனால் இன்ஜின் அந்தக் கணத்திலேயே சொந்தக் காலில் நின்றுவிடுவதில்லை. வேகம் ஏறக்குறைய 58 சதவீதத்தை அடையும்வரை ஸ்டார்ட்டர் அதைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சில பத்து விநாடிகளில் எரிபொருள் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அந்த எரிபொருளை எரிப்பதற்கு மட்டுமல்லாமல், எரிந்த வாயுவின் சூட்டைத் தணிப்பதற்கும் தேவையான காற்றைக் கம்ப்ரஸர்தான் தர வேண்டும். பேட்டரியின் வோல்டேஜ் சரிந்தால் ஸ்டார்ட்டர் தளரும், கம்ப்ரஸரின் வேகம் ஏறாமல் தேங்கும், காற்று குறையும், உள்ளே வெப்பம் மட்டும் விறுவிறுவென்று ஏறும். ‘ஹாட் ஸ்டார்ட்’ என்று விமானிகள் அஞ்சுவது இதைத்தான்.

அந்த இன்ஜினில் டர்பைன் வாயுவின் வெப்பம், கிளப்பும்போது 810 முதல் 927 டிகிரி செல்சியஸ் வரையிலான பகுதியில் 10 விநாடிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. செஸ்னா கேரவன் விமானத்தில் உள்ள பிடி6ஏ-114ஏ இன்ஜினுக்கு, கிளப்பும்போதான உச்சவரம்பு 1090 டிகிரி; அதுவும் 2 விநாடிகளுக்கு மட்டுமே. வரம்பைத் தாண்டிவிட்டால் எவ்வளவு தாண்டியது, எத்தனை விநாடி நீடித்தது என்பதைப் பொறுத்து இன்ஜினைச் சோதிக்கவோ, பிரித்துப் பார்க்கவோ, டர்பைன் பகுதியையே மாற்றவோ நேரிடும். பெல் 206-இல் இருக்கும் பேட்டரியோ 24 வோல்ட், 13 அல்லது 17 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்ட சிறிய ஒன்று. எடையைக் குறைப்பதற்காகச் சிறிதாக வைக்கப்பட்ட அந்தப் பேட்டரி, முழு நலத்தோடு இருக்கும்போது தன் வேலையை நன்றாகவே செய்யும். குளிரிலோ, முதுமையிலோ, அடுத்தடுத்துச் சில முறை கிளப்பிய பிறகோ அதையே நம்பி எரிபொருளைத் திறப்பது, விலைமதிப்புள்ள ஓர் இன்ஜினைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும். கிளம்பாத இன்ஜினைக் கிளப்புவதற்காக ஜி.பி.யூ. இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். டர்பைனைப் பொறுத்தவரை, கிளம்பும் இன்ஜின் வெந்துபோகாமல் காப்பதே அதன் தலையாய வேலை என்பது என் உறுதியான கருத்து.

பேட்டரியில் 24 வோல்ட் என்றும், ஜி.பி.யூ.வில் 28 வோல்ட் என்றும் எழுதியிருக்கிறது. இந்த வேறுபாட்டால் கெடுதல் இல்லையா? ஆம்பியர் அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது?
(பராமரிப்புப் பொறியியல் மாணவர், பெங்களூரு)

கெடுதல் இல்லை. 24 வோல்ட் என்பது பேட்டரியின் பெயரளவு மதிப்பு. பறக்கும்போது ஜெனரேட்டர் அந்த பேட்டரிக்கு மின்னேற்ற வேண்டுமானால் அதைவிடக் கூடுதலான வோல்டேஜைத் தந்தாக வேண்டும். ஆகவே விமானத்தின் மின்னமைப்பு இயல்பாக இயங்குவது 28 வோல்ட் அளவிலேயே. ஜி.பி.யூ.வும் அதே அளவைத் தருகிறது.

ஆம்பியரைப் பற்றிய பொதுவிதி எதையும் நம்பாமல், அந்தந்த விமானத்தின் கையேட்டைத் திறந்து பார்ப்பதே முறை. எடுத்துக்காட்டாக, செஸ்னா கேரவனின் கையேடு, வெளி மின்சாரத்தால் கிளப்புவதற்குக் குறைந்தது 800 ஆம்பியர் தரக்கூடிய கருவி வேண்டும் என்கிறது. 1700 ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. கிங் ஏர் 200 விமானத்துக்கு, ஒரு கணத்துக்கு 1000 ஆம்பியரும் தொடர்ச்சியாக 300 ஆம்பியரும் தரும் திறன் தேவை. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் முதல் கணத்தில் பாயும் மின்னோட்டம் மிக அதிகம், சுழலத் தொடங்கியதும் அது விரைவாகக் குறைந்துவிடும். அதனால்தான் கணநேரத் திறன், தொடர்த்திறன் என இரண்டு எண்கள்.

கீழ்வரம்பை எல்லோரும் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். மேல்வரம்பு எதற்கு என்பதைத்தான் பலர் கேட்பதில்லை. பேட்டரியில் கிளப்பும்போது அதன் வோல்டேஜ் தானாகவே சரிவதால் முதல் அதிர்வின் வேகம் தணிந்துவிடுகிறது. பெரிய ஜி.பி.யூ. அப்படிச் சரியாமல் முழு வலுவோடு அடிப்பதால், ஸ்டார்ட்டரின் தண்டு முறிந்துபோகும் அளவுக்குத் திருகுவிசை ஏறக்கூடும். நல்ல ஜி.பி.யூ.க்களில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருப்பது இதற்காகவே. கேரவன் விமானத்தின் ஸ்டார்ட்டர் ஓய்வு நேரங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பேட்டரியில் கிளப்பினால் 30 விநாடி ஓட்டி 60 விநாடி ஓய்வு தர வேண்டும். இப்படி மூன்று முறை முயன்ற பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெளி மின்சாரத்தில் கிளப்பினாலோ 20 விநாடி மட்டுமே ஓட்டலாம், ஓய்வு 120 விநாடி, மூன்றாம் முயற்சிக்குப் பிறகு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வலுவான மின்சாரம் ஸ்டார்ட்டரைக் கூடுதலாகச் சூடாக்குகிறது என்பதைத் தயாரிப்பாளரே இந்த எண்களில் ஒப்புக்கொள்கிறார்.

எங்கள் பகுதியில் உள்ள ஒரு சிறு ஓடுதளத்தில், லாரி பேட்டரிகள் இரண்டை இணைத்து விமானத்தைக் கிளப்புவதைப் பார்த்தேன். இது சரியா?
(ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர், சேலம்)

சரியன்று. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆபத்து அந்தக் கணக்கில் இல்லை.

முதலாவதாக, எல்லாச் சிறு விமானங்களும் 24 வோல்ட் அல்ல. செஸ்னா 172 விமானங்களிலேயே 1977 வரையிலான மாதிரிகள் 12 வோல்ட் பேட்டரி கொண்டவை. 1978 மாதிரி முதல் 24 வோல்ட். வெளித்தோற்றத்தில் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்வது கடினம். 12 வோல்ட் விமானத்துக்கு 24 வோல்ட் கொடுத்துவிட்டால், ரேடியோ முதலிய கருவிகள் பாழாகக்கூடும்.

இரண்டாவது, துருவம். விமானத்துக்கென்று வகுக்கப்பட்ட மூன்று முனை பிளக்கில் இரண்டு பெரிய முனைகளும் ஒரு சிறிய முனையும் உண்டு. பெரியவை மின்சாரத்தைச் சுமப்பவை. சிறியது பெரியவற்றைவிடக் குட்டையானது. அதன் வழியே நேர் மின்சாரம் சரியாக வந்தால்தான் விமானத்தின் உள்ளே இருக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூடிக்கொண்டு மின்சாரத்தை உள்ளே விடும். கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால் ரிலே மூடாது, விமானம் தப்பிக்கும். பிளக்கை உருவும்போதும் குட்டை முனையே முதலில் விடுபடுவதால், பெரிய முனைகள் பிரிவதற்குள் மின்சாரம் நின்றுவிடும், தீப்பொறி பறக்காது. எரிபொருள் ஆவி இருக்கக்கூடிய இடத்தில் இது எவ்வளவு பெரிய காப்பு என்பது மின்வாரியத்தில் பணிபுரிந்த தங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். லாரி பேட்டரியில் கிளிப் மாட்டி நேராகப் பேட்டரி முனையில் தொடுப்பவர், இவ்வளவு கவனமாக அமைத்த காப்பை முழுவதும் கடந்துபோய்விடுகிறார். அந்த முறையை நியாயப்படுத்த எந்த அவசரமும் போதாது.

பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டது. ஜி.பி.யூ. கொண்டு கிளப்பிவிட்டு, பறக்கும்போது அது தானே மின்னேறிவிடும் என்று விட்டுவிடலாமா? எங்கள் பயிற்சிப் பள்ளியில் இதைப் பற்றி வாக்குவாதமே நடந்தது.
(பயிற்சி விமானி, ஹைதராபாத்)

விடக் கூடாது. இதற்கு ஓர் உண்மை நிகழ்வையே விடையாகத் தருகிறேன்.

2007 மார்ச் 4 அன்று ஜெர்மனியில் உள்ள ஷ்பையர் நகரில், டைமண்ட் டிஏ42 என்ற இரட்டை இன்ஜின் விமானம் புறப்படத் தயாரானது. அதன் பேட்டரி இறங்கியிருந்தது. வெளி மின்சாரத்தின் துணையோடு விமானத்தைக் கிளப்பினார்கள். இரண்டு இன்ஜின்களும் நன்றாகவே ஓடின. விமானம் ஓடுபாதையிலிருந்து எழுந்ததும், விமானி சக்கரங்களை உள்ளிழுக்கும் விசையை இயக்கினார். சக்கரங்களை மடக்கும் பம்பு மோட்டார் திடீரென்று மின்சாரத்தை இழுத்தது. நல்ல பேட்டரி இருந்திருந்தால் அந்தக் கணநேரத் தேவையை அது தாங்கிக்கொண்டிருக்கும். வெறுமையான பேட்டரியால் தாங்க முடியாமல் வோல்டேஜ் சட்டென்று தாழ்ந்தது. அந்த விமானத்தின் டீசல் இன்ஜின்கள் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளால் இயக்கப்படுபவை. வோல்டேஜ் தாழ்ந்ததும் அந்தப் பெட்டிகள் செயலிழந்தன. புரொப்பெல்லர் இறகுகள் காற்றை வெட்டாத நிலைக்குத் திரும்பின. இரண்டு இன்ஜின்களும் ஒரே நேரத்தில் நின்றன. விமானம் அவசரமாகத் தரையிறங்க நேர்ந்தது. இதற்குப் பிறகுதான் அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கென்று தனித் துணை பேட்டரிகள் சேர்க்கப்பட்டன.

இரட்டை இன்ஜின் எதற்காக? ஒன்று நின்றால் மற்றொன்று காப்பாற்றும் என்பதற்காக. அந்த ஏற்பாட்டையே வெறுமையான ஒரு பேட்டரி பொருளற்றதாக்கிவிட்டது. பேட்டரி என்பது இன்ஜினைக் கிளப்புவதற்கு மட்டும் இருப்பதாக எண்ணுவதால் நேரும் பிழை இது. பறக்கும்போது மின்னமைப்பில் ஏற்படும் ஏற்ற இறக்கங்களைத் தாங்கி நிரவுவதும், இன்ஜினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் பழுதானால் இன்றியமையாத கருவிகளுக்கு அரை மணி நேரமாவது உயிர் கொடுப்பதும் அதன் கடமைகளே.

உங்கள் பள்ளியில் இருப்பவை மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத பழைய பிஸ்டன் விமானங்களாகவே இருக்கலாம். அவற்றில் காந்தத் தீப்பொறி அமைப்பு தனியாக இயங்குவதால், பேட்டரி போனாலும் இன்ஜின் நிற்காது என்று வாதிடுபவர்கள் சொல்வது உண்மை. ஆனால் முழுதும் இறங்கிய பேட்டரியோடு ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கவே தொடங்காமல் போகலாம்; ஏனென்றால் அதன் காந்தச் சுருளுக்கு முதல் மின்சாரத்தை பேட்டரிதான் தருகிறது. தொடங்கிவிட்டாலோ, வெறுமையான பேட்டரி பெருமளவு மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். நிக்கல்-காட்மியம் வகை என்றால் இந்தச் சூடு தானே தன்னை வளர்த்துக்கொண்டு பேட்டரியை உருக்கும் அளவுக்குப் போகக்கூடும். அவ்வகை பேட்டரி உள்ள விமானங்களில் பேட்டரி வெப்பத்தைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு வைப்பது அதனால்தான். எல்லாவற்றையும்விட முதன்மையானது, பேட்டரி ஏன் இறங்கியது என்ற கேள்வி. யாரோ சுவிட்சை அணைக்க மறந்தார்களா, பேட்டரி ஆயுள் முடிந்துவிட்டதா, ஆல்டர்னேட்டர் மின்னேற்றவில்லையா? மூன்றாவது காரணமாக இருந்தால், பறந்தபடியே மின்னேற்றலாம் என்ற நினைப்புக்கே இடமில்லை.

கிங் ஏர் விமானத்தின் கையேடு, பேட்டரியில் குறைந்தது 20 வோல்ட் இல்லாவிட்டால் வெளி மின்சாரத்தை இணைக்கவே கூடாது என்கிறது. இணைக்கும்போது பேட்டரி சுவிட்ச் போட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது, ஜி.பி.யூ.விலிருந்து வரும் திடீர் வோல்டேஜ் ஏற்றங்களை பேட்டரி உள்வாங்கிக்கொள்ளும் என்பதே காரணம். வாக்குவாதத்தில் பேட்டரியைக் கழற்றிப் பணிமனையில் மின்னேற்றிச் சோதிக்க வேண்டும் என்று சொன்னவர் யாரோ, அவர் பக்கமே நான் நிற்கிறேன்.

கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டரில் சென்றபோது, விசிறி சுழலும்போதே எங்களை ஏற்றி இறக்கினார்கள். நிறுத்திவிட்டு ஏற்றினால் என்ன?
(இல்லத்தரசி, மதுரை)

தங்கள் அச்சம் நியாயமானது. ஆயினும் அங்கே அப்படிச் செய்வதற்குத் தொழில்சார்ந்த காரணங்கள் உண்டு. கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் டர்பைனைக் கிளப்பும்போது வெப்பம் எளிதில் ஏறும். குளிரில் பேட்டரியின் வலுவும் குறைந்திருக்கும். ஒருமுறை நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்ப முடியாமல் போனால், மலை மேல் உள்ள அந்தச் சிறு இறங்குதளமே அடைபட்டுவிடும். அதோடு, பல டர்பைன் இன்ஜின்களில் உள் சக்கரங்களின் ஆயுள் எத்தனை மணி நேரம் ஓடின என்பதால் மட்டுமல்லாமல், எத்தனை முறை கிளப்பப்பட்டன என்பதாலும் கணக்கிடப்படுகிறது. சில நிமிடப் பயணத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கிளப்பினால் அந்த ஆயுள் விரைவில் தீர்ந்துவிடும். சியாச்சின் பனிமலைக் காவல் நிலைகளுக்குப் பொருள்களைக் கொண்டுசெல்லும் ‘சீட்டா’ ஹெலிகாப்டர்களும், உயரமான தளங்களில் இன்ஜினை நிறுத்தாமலே சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புவது வழக்கம். இறங்குதள ஊழியர் காட்டும் திசையில் மட்டும் குனிந்து நடப்பதும், வால் பக்கம் போகவே போகாமல் இருப்பதும் பயணிகள் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டியவை.

என் மகன் ஒரு விமான நிறுவனத்தில் தரைப்பணி உதவியாளராகச் சேர்ந்திருக்கிறான். இன்ஜின் ஓடும்போதே கேபிளை உருவும் வேலையாம். கேட்டதிலிருந்து மனம் பதறுகிறது.
(ஒரு தாய், திருச்சிராப்பள்ளி)

அம்மா, மின்சாரத்தால் அவருக்கு நேரக்கூடிய ஆபத்து குறைவு. 28 வோல்ட் உடலைத் தாக்கும் அளவுக்கு வலுவானதன்று. கவனம் வேண்டியது சுழலும் புரொப்பெல்லரிடம். செஸ்னா 172, கேரவன் ஆகிய இரண்டிலும் பிளக் செருகும் இடம், இன்ஜின் மூடியின் இடப்பக்கத்தில், புரொப்பெல்லருக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது. கிங் ஏரில் அது வலது இறக்கையின் அடியில், இன்ஜினுக்கு வெளிப்புறமாக இருக்கிறது. பெல் 206-இல் மூக்குப் பகுதியின் கீழே. வேகமாகச் சுழலும் புரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது என்பதே அதன் கொடுமை.

தங்கள் மகனிடம் இவற்றை வலியுறுத்துங்கள். இன்ஜின் கிளம்பிய பிறகு, விமானி கைச்சைகை காட்டும்வரை அவர் நகரக் கூடாது. விமானி வெளி மின்சாரத்தை உள்ளிருந்து துண்டித்துவிட்டார் என்று உறுதியான பிறகே கேபிளைத் தொட வேண்டும். விமானத்தை நெருங்குவதும் விலகுவதும் எப்போதும் பின்பக்கமாக, இறக்கைப் பக்கத்திலிருந்தே இருக்க வேண்டும். புரொப்பெல்லர் சுழலும் தளத்தைக் குறுக்கே கடக்கவே கூடாது. பிளக்கை உருவியதும் அந்தச் சிறு கதவை மூடித் தாழிட்டு, கேபிளைச் சுருட்டி, வண்டியை அப்புறப்படுத்திவிட்டு, விமானிக்குத் தெரியும் இடத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்ட வேண்டும். தளர்ந்த சட்டை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, தொப்பி ஆகியவை வேண்டாம். காதுக்கவசம் கட்டாயம். பயிற்சி தராமல் இந்த வேலையைச் செய்யச் சொன்னால், மறுப்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

முதல் உலகப் போர்க் காலத்தில் ஜி.பி.யூ. இல்லாமல் எப்படிக் கிளப்பினார்கள்?
(பள்ளி ஆசிரியர், யாழ்ப்பாணம்)

கையால் புரொப்பெல்லரைச் சுழற்றித்தான். இன்ஜின்கள் பெரிதானபோது அது கடினமாகவும் ஆபத்தாகவும் ஆயிற்று. பென்ட்ஃபீல்ட் ஹக்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானி, ஃபோர்டு மாடல் டி வண்டியின் மேல் ஒரு நீண்ட தண்டைப் பொருத்தி, அதை விமானத்தின் புரொப்பெல்லர் மையத்தோடு கோத்து, வண்டியின் இன்ஜினால் விமான இன்ஜினைச் சுழற்றும் முறையை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையினர், பேட்டரிகள் அடுக்கிய இரு சக்கரத் தள்ளுவண்டிகளைப் போர் விமானங்களின் அருகில் எப்போதும் நிறுத்திவைத்திருந்தார்கள். இன்றைய ஜி.பி.யூ.வின் நேரடி முன்னோடி அந்த வண்டியே.

பணிமனையில் கருவிகளைச் சோதிக்கவும் மென்பொருள் ஏற்றவும் மணிக்கணக்கில் மின்சாரம் தேவைப்படுகிறது. கிளப்புவதற்கான அதே ஜி.பி.யூ.வைப் பயன்படுத்தலாமா? டீசல், பேட்டரி, மின்கட்டம் என்ற மூன்றில் எது நல்லது?
(பராமரிப்பு மேற்பார்வையாளர், சென்னை)

பயன்படுத்தலாம் என்றாலும் இரண்டுக்கும் தேவைகள் வேறு. கிளப்புவதற்குச் சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் வேண்டும். பராமரிப்புக்கு 50 முதல் 100 ஆம்பியர் வரை இருந்தாலே பெரும்பாலான சிறு விமானங்களுக்குப் போதும். ஆனால் வோல்டேஜ் மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். கணினித் திரைகளைக் கொண்ட இன்றைய விமானங்களில் மென்பொருள் ஏற்றும் நடுவே மின்சாரம் தடுமாறினால், அந்தக் கருவியே பயனற்றுப் போகக்கூடும். பேட்டரி வண்டியின் வோல்டேஜ் நேரம் செல்லச் செல்ல இறங்கிக்கொண்டே போகும் என்பதால், நீண்ட வேலைகளுக்கு அது ஏற்றதன்று.

பணிமனைக்குள் நடக்கும் பணிக்கு, மின்கட்டத்திலிருந்து எடுத்து 28 வோல்ட்டாக மாற்றித் தரும் நிலையான கருவியையே நான் பரிந்துரைப்பேன். டீசல் கருவி ஓடுதளத்துக்கு உரியது. அதன் புகையையும் இரைச்சலையும் கூரைக்குக் கீழே கொண்டுவருவது பணியாளர் நலத்துக்குக் கேடு. தொலைவில் உள்ள தளங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் பேட்டரி வண்டி பொருந்தும், ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பிறகும் தவறாமல் மின்னேற்றி வைத்தால். எந்தக் கருவியானாலும், விமானத்தில் இணைப்பதற்கு முன் அதன் முனையில் வோல்ட்மீட்டர் வைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். விமானத்தின் ஏவியானிக்ஸ் (ரேடியோ, திரை போன்ற மின்னணுக் கருவிகள்) சுவிட்சுகள் அணைந்திருக்கும்போதே இணையுங்கள். கேரவனில் வெளி மின்சார சுவிட்சுக்கு ‘ஸ்டார்ட்டர்’, ‘பஸ்’ என்று இரு தனி நிலைகள் உண்டு. முதலாவது ஸ்டார்ட்டருக்கு மட்டும் மின்சாரம் தருவது. பராமரிப்புப் பணிக்கு வேண்டியது, விமானத்தின் பொது மின்தடத்துக்கு மின்சாரம் தரும் இரண்டாவது. பெரிய பயணிகள் விமானங்களுக்கான, 400 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம் தரும் ஆறு முனை பிளக் கொண்ட கருவி சிறு விமானங்களுக்கு உதவாது என்பதால், வாங்கும்போது விற்பனையாளரிடம் விமானத்தின் பெயரையும் வரிசை எண்ணையும் எழுத்தில் கொடுத்து விலைப்பட்டியல் கேளுங்கள்.